காலி வண்டிக்குச் சூடம்

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் சூடம் ஏற்றுகிற நேரத்துக்கு நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். மணிச் சத்தம் அடங்கி, புகை வாசனையும் போன பிறகுதான் உள்ளே போவேன். இத்தனை வருஷத்தில் என் மனைவி ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. காரணம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அன்றும் எனக்கு இல்லை, இன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. எந்த டேங்கர் லாரிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்வது என்று இரண்டு தடவை முடிவு செய்தேன். முதல் தடவை எனக்காக. இரண்டாவது தடவை அவள் தம்பிக்காக.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் அடையவளைஞ்சான் தெருவில் ஒரே ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்து, அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. நான் கொள்ளிடக்கரைச் சூளையில் செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பினால் கண் இமை வரைக்கும் செம்மண். இருமினால் அதுவும் சிவப்பு. "செங்கல்லே வீட்டுக்கு வந்துருச்சு" என்பாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருமல் நிற்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

டேங்கர் ஓட்டுகிறவனுக்கு அப்போது லாரிக்காரர்கள் நடுவே தனி மரியாதை. சட்டை அழுக்காகாது. ரயிலில் வந்த பெட்ரோலை டிப்போவில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் என்று பக்கத்து ஊர்ப் பெட்ரோல் பங்குகளில் இறக்கிவிட்டு, பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். டீக்கடையில் டேங்கர் டிரைவருக்கு மட்டும் பெஞ்சில் இடம் விடுவார்கள். எனக்கு அந்தப் பெஞ்சு மேல் ஆசை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அந்தச் சமயத்தில் டிரைவர் வேண்டும் என்று இரண்டு கம்பெனிகள் தேடிக்கொண்டிருந்தன. ஒன்று பாலக்கரையில், ஒரு பாயுடையது. இன்னொன்று மன்னார்புரத்தில். சம்பளம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"அதுல நெருப்புப் புடிக்கும்னு சொல்றாங்களே?"

"எல்லாத்துலயும்தான் புடிக்கும். அடுப்புல புடிக்கலையா?"

களைந்த நீரை வடித்தாள். பிறகு, "சாமிக்குப் பயந்த எடமாப் பாத்துச் சேருங்க. எனக்கு அது ஒண்ணு போதும்" என்றாள்.

முதலில் பாலக்கரைக்குப் போனேன். சந்துக்குள் சந்து நுழைந்து போனால் பாயுடைய ஷெட். மூன்று வண்டிகள் நின்றன. மூன்றும் கிழடு. பெயின்ட் உரிந்து, பம்பர் நசுங்கி, பார்க்கவே களையில்லை. கேட்டில் ஒரு தகர டின். அதில் நாலைந்து தீப்பெட்டிகளும் பீடிக் கட்டுகளும் கிடந்தன. பாய் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, சலாம்கூடச் சொல்லாமல், என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். டின்னில் போட்டார்.

"இப்ப உள்ள வாங்க தம்பி."

உள்ளே கூட்டிப் போய், லைசென்ஸைப் பார்க்கவில்லை, எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நெறஞ்ச வண்டி பொல்லாததா, காலி வண்டி பொல்லாததா?"

இதென்ன சின்னப் பிள்ளைக் கேள்வி என்று நினைத்தேன். "நெறஞ்சதுதான் பாய்" என்றேன்.

"இல்ல தம்பி. நெறஞ்ச வண்டில எண்ணெய் இருக்கு. காலி வண்டில கேஸ் இருக்கு. எறக்கிட்டு வந்தப்புறம் உள்ள பூரா அதுதான். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும். நெறஞ்ச வண்டி பக்கத்துல ஒக்காந்து நான் சோறு திம்பேன். காலி வண்டி பக்கத்துல போறதுன்னா யோசிப்பேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏழு வருஷமாக லாரி ஓட்டுகிறவனுக்குப் பாடம் நடத்துகிறாரே என்று எரிச்சல். எனக்கு முன்கோபம் உண்டு, அது முகத்தில் உடனே தெரியும். இருந்தாலும் மனைவி சொன்னது நினைவுக்கு வந்து, "இங்க வண்டிக்குப் பூசையெல்லாம் உண்டா பாய்?" என்று கேட்டேன்.

"தாராளமாப் பண்ணுங்க. சந்தனம் வைங்க, குங்குமம் வைங்க, மாலை போடுங்க. நானே மாலை வாங்கித் தரேன். நெருப்பு மட்டும் கேட்டுக்கு வெளிய. சூடத்த ரோட்டுல காட்டிட்டு வாங்க. சாமிக்கு அங்கேருந்து தெரியாதா என்ன?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை மனிதர். ஆனால் வெளியே வந்து டின்னிலிருந்து தீப்பெட்டியை எடுக்கும்போது, வெளியே அனுப்பப்பட்டவன் வாசலில் செருப்பைத் தேடி எடுக்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மன்னார்புரம் போனேன். அது வேறு உலகம். விசாலமான மைதானம், சுற்றிலும் வெள்ளையடித்த சுவர், கேட்டோரம் ஒரு வேப்பமரம். ஐந்து டேங்கர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து, பானெட்டில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. முதலாளி நெற்றியில் பளிச்சென்று திருமண். என்னைப் பார்த்ததும், "இருப்பா, பூசை முடியட்டும்" என்றார்.

அப்போதுதான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். ஐந்தும் முந்தின நாள் சரக்கு இறக்கிவிட்டு வந்து நின்ற வண்டிகள். இனிமேல்தான் டிப்போவுக்குப் போய் ஏற்றவேண்டும். அந்தக் காலி வண்டிகளை ஒவ்வொன்றாக ஒருவன் சூடத்தட்டோடு வலம் வந்தான். முன்னால் பானெட்டுக்கு ஒரு சுற்று காட்டினான். பக்கவாட்டில் நடந்து, பின்னால் எண்ணெய் இறங்குகிற குழாய்க்கு நேராக நின்று ஒரு சுற்று. அப்புறம் மறுபக்கம். இப்படி வண்டிக்கு மூன்று முறை. காற்றில் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது. பாய் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. என் கை மயிர் சிலிர்த்தது.

மற்ற டிரைவர்களும் கிளீனர்களும் எங்கே என்று பார்த்தேன். எல்லாரும் கேட்டோரம் வேப்பமரத்தடியில், வண்டிகளிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, கும்பலாக நின்றிருந்தார்கள். கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை இறுக மூடி, உதடு அசைய. எவ்வளவு பக்தி என்று அசந்துபோனேன். கோயிலில் ஸேவிக்கிறவர்கள்கூட முண்டியடித்து முன்னால் போவார்கள், இவர்கள் எவ்வளவு அடக்கமாகத் தள்ளி நிற்கிறார்கள் என்றுதான் என் புத்திக்குத் தோன்றியது.

ஐந்தாவது வண்டி முடிந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். உடனே சளசளவென்று பேச்சு, சிரிப்பு, ஒருவன் முதுகில் ஒருவன் தட்டுவது. அதையும் பார்த்தேன். பார்த்தும் விளங்கிக்கொள்ளவில்லை.

"ஸ்ரீரங்கமா? பெருமாள் காலடியிலேருந்து வந்திருக்கே. வா, வா. நாளைக்கே வந்துடு" என்றார் முதலாளி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு இடத்தையும் பற்றி மனைவியிடம் சொன்னேன். பாயின் டின்னைச் சொல்லிச் சிரித்தேன். மன்னார்புரத்துப் பூசையை விவரமாகச் சொன்னேன். வாசனையைச் சொல்லவில்லை. கை மயிர் சிலிர்த்ததைச் சொல்லவில்லை.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? சூடம் காட்டாத வண்டில எப்படி ஏறுவீங்க? கண்ணு படாதா?" என்றாள். மறுநாள் தாயார் சந்நிதியில் வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

பழியை அவள் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். நாலைந்து வருஷம் மனசுக்குள் அப்படித்தான் செய்தும் பார்த்தேன். செல்லவில்லை. அவள் ஒரு சொல் சொல்வதற்கு முன்பே எனக்கு அந்தப் பளபளக்கும் பானெட்டின் மேல் கண் விழுந்துவிட்டது. பாயின் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்ன இடத்தில் தினமும் போய் நிற்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. காரணம் வேண்டியிருந்தது, அவள் கொடுத்தாள்.

சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை. சென்ற வாரம் வலம் வந்தவன் தட்டோடு என்னிடம் வந்தான். அதைப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு என்னை இறுகக் கட்டிக்கொண்டான். முன்பின் தெரியாதவன். அவன் சட்டையெல்லாம் வியர்வை. "நல்லாருப்பே" என்றான். புது ஆளிடம் இவ்வளவு பாசமா என்று நானும் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்தக் கம்பெனி வழக்கம் அதுதான். கடைசியாக வந்து சேர்ந்த டிரைவர்தான் சூடம் காட்டவேண்டும். புதுக் கை ராசியான கை என்பது முதலாளியின் நம்பிக்கை. அடுத்த புது ஆள் வரும்வரைக்கும் தட்டு அவன் கையில். அவர்கள் எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். மூத்த டிரைவர் மட்டும் போகிற போக்கில் என் காதருகே சொன்னார்: "பின்னாடி போறப்ப குனியாத. குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோகாத. சட்டுனு காட்டிட்டு வந்துரு."

அப்போதுதான் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். புருவம் இரண்டும் இல்லை. வழவழவென்று இருந்தது. என் பார்வை போன இடம் அவருக்குத் தெரிந்தது.

"பொறந்ததுலேருந்தே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கு நடந்தார்.

ஐந்து வண்டி, வண்டிக்கு மூன்று சுற்று. பதினைந்து தடவை ஒரு காலி டேங்கரின் பின்குழாய்க்கு நேராக நெருப்போடு நின்றேன். முதல் தடவையே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரத்தடியில் அவர்கள் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், எதை வேண்டுகிறார்கள், போன வாரத்துக்காரன் ஏன் கட்டிக்கொண்டான், எல்லாம். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. அதையும் எழுதவேண்டும். யாருக்கும் ஒரு நாள் சம்பளம் தவறியதில்லை, யாரையும் வாடா போடா என்று திட்டியதில்லை. இரண்டாவது மாதம் நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஐயா, முன்னாடி மட்டும் காட்டுனாப் போதாதுங்களா? பின்னாடி குழாய்கிட்ட..."

"பின்னாடி நிக்கிறவன் கண்ணு படாதாப்பா? இருபது வருஷமாக் காட்டறோம். பெருமாள் இதுவரைக்கும் ஒரு குறை வச்சதில்லை. நீ ஏன் அபசகுனமா வாயைத் திறக்கிறே?"

மரத்தடியில் நின்றவர்களில் ஒருவனும் எனக்காக வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தட்டு தன் கைக்குத் திரும்பிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். டேங்கர் டிரைவர் என்று தெருவே சொல்ல ஆரம்பித்துவிட்டது. டீக்கடைப் பெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது. வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் போய், நீ நல்லது என்று சொன்ன இடம் என்னைக் கொல்லப் பார்க்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே திருட்டு வழி ஒன்று கண்டுபிடித்தேன். சூடத்தைக் கடுகளவு கிள்ளி வைப்பேன். பானெட்டுக்குக் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் நடக்கும்போதே அது அணைந்துவிடும். பின்னால் போய் வெறும் தட்டைச் சுற்றிவிட்டு, முன்னால் வந்து மறுபடி கிள்ளி வைத்து ஏற்றுவேன். வண்டியின் மறைவில் நடப்பது, முன்னால் நிற்கிற முதலாளிக்குத் தெரியாது. சில நாள் காற்று சதி செய்யும், சில நாள் அந்தக் கடுகளவுகூட அணையாமல் குழாய்வரைக்கும் கூடவே வரும். அப்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஓடாத குறையாக நடப்பேன்.

பெண் குழந்தை பிறந்தது. அவளைத் தூக்கி மார்பில் போட்டுக்கொள்ளும்போது என் கையில் சூட வாசனை அடிக்கும். வியாழக்கிழமை வந்தாலே சோறு இறங்காது. மனைவி அதை விரதம் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். நான் பெருமாளிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: முதலாளி இன்னொரு வண்டி வாங்கவேண்டும், அதற்கு ஒரு புது டிரைவர் வரவேண்டும். யார் வந்தாலும் சரி. யாராவது வரட்டும்.

பதினோராம் மாதம் வண்டி வந்தது.

இந்த இடத்தில் என் மைத்துனனைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனைவிக்கு மூன்று வயது இளையவன். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இவள்தான். அவனுக்கு ஒரு தும்மல் என்றால் இவளுக்குத் தூக்கம் போய்விடும். காட்டூருக்கு அப்பால் ஓர் அரிசி மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் டேங்கர் ஆசை. அதற்கு நான்தான் காரணமாக இருந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தான். அக்காள் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மச்சான், பாலக்கரை பாய் என்னை வரச் சொல்லிட்டாரு. ஒங்க கம்பெனிலயும் புது வண்டிக்கு ஆள் தேடறாங்களாம். எதுல சேரலாம்? நீங்க சொன்னாச் சரி."

நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"பாய் ஒரு கேள்வி கேட்டாரு மச்சான். நெறஞ்ச வண்டியா, காலி வண்டியான்னு..."

"அவரு எல்லார்கிட்டயும் அதத்தான் கேப்பாரு. வண்டியெல்லாம் ஓட்டை. பாதி நாள் ரோட்டுல நிக்கும்" என்றேன்.

உள்ளேயிருந்து மனைவி, "அங்க வண்டிக்குச் சூடம்கூடக் காட்ட மாட்டாங்கடா. மச்சான் கூடவே இரு. எனக்கும் ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கீங்கன்னு நிம்மதி" என்றாள்.

அவன் என் முகத்தையே பார்த்தான். சொல்ல நேரம் இருந்தது. இரண்டு வார்த்தை போதும். "அங்க வேணாம்" என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் பதினோரு மாதமாக நான் ஒளித்து வைத்தது அத்தனையும் அவளுக்குத் தெரிந்துவிடும். என்னையும் போகவிடமாட்டாள். இல்லை, இதெல்லாம் நான் பிறகு கட்டிக்கொண்ட நியாயம். அந்த நிமிஷம் என் மனசில் ஓடியது இதுதான்: இவன் வந்தால் வருகிற வெள்ளிக்கிழமை தட்டு என் கையில் இருக்காது.

"எங்க கம்பெனிதான் மாப்ளே. நல்ல எடம்" என்றேன்.

அது சித்திரை மாதம். காலை எட்டு மணிக்கே தரை சுட்டது. அந்த வெள்ளிக்கிழமை நான் தட்டைத் தேய்த்து, சந்தனம் வைத்து, ஸ்டூலில் வைத்தேன். மைத்துனன் புதுக் காக்கிச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, நெற்றியில் திருமண் இட்டு வந்து நின்றான். அக்காள் வீட்டிலிருந்து புறப்படும்போது இட்டுவிட்டது. நான் அவனைக் கட்டிக்கொண்டேன். என்னை அறியாமல் நடந்துவிட்டது. அவன் கூச்சத்தோடு சிரித்தான்.

"எவ்வளவு சூடம் வைக்கணும் மச்சான்?"

கடுகளவு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முதலாளி நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"ஒன் இஷ்டம்" என்றேன்.

முதல் நாள், முதலாளி பார்க்கிறார், அக்காள் வேண்டிக்கொண்ட வேலை. அவன் பொட்டலத்தை அப்படியே தட்டில் கொட்டினான். நான் மரத்தடிக்குப் போனேன். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அந்த நிழலில் நின்றேன். மூத்த டிரைவர் தள்ளி எனக்கு இடம் விட்டார். என் உடம்பு முழுதும் லேசாகிவிட்டது. சந்தோஷம்தான் அது. வேறு பெயர் சொல்லி ஏமாற்ற மாட்டேன்.

முதல் வண்டி என்னுடையது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அதன் பின்குழாயில் கசிவு இருந்தது. அடியில் மண் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு நனைந்து கிடந்ததைக் காலையில் பார்த்திருந்தேன். அவன் மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், கோயிலில் காட்டுவது போல நின்று நிதானமாகக் காட்டினான். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. சூடம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டே இருந்தது. மூன்றாவது சுற்றில் பின்னால் போனவன், சூடம் குழாய்க்குச் சரியாகக் காட்ட வேண்டும் என்றோ என்னவோ, குனிந்தான்.

குனியாதே என்று கத்தினேனா? உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்திலிருந்த மூத்த டிரைவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவருக்கும் சத்தம் வரவில்லை.

ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். தானாக மூடிக்கொண்ட கண்ணைத் திறந்தபோது வண்டியின் பின்பக்கம் தெரியவில்லை. தொட்டியின் மேல்மூடி திறந்திருந்ததால் வண்டி வெடிக்கவில்லை, தீ நெட்டுக்குத்தாக மேலே நின்றது. அவன் அதற்குள்ளிருந்து எங்களைப் பார்த்து நடந்து வந்தான். ஓடக்கூட இல்லை. மூத்த டிரைவர்தான் முதலில் ஓடினார். நனைந்த சாக்கோடு நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். இரண்டாம் நாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது கண் திறந்தான். குரல் காற்று மாதிரி வந்தது.

"தட்டு கீழ விழுந்துருச்சு மச்சான். அபசகுனமாயிருச்சா?"

"இல்ல மாப்ளே. அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது. கடைசியாகச் சொன்னதிலும் பொய்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மன்னார்புரத்தில் சூடம் கேட்டுக்கு வெளியே, ரோட்டில் வைத்துக் காட்டப்பட்டது. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதலாளி இரண்டு நாளில் கிழவராகிவிட்டார். இருபது வருஷமாக முடியாதது ஒரே நாளில் முடிந்தது. அந்தக் கேட்டுக்கும் வண்டிகளுக்கும் நடுவே எண்ணினால் ஐம்பது அடி இருக்கும். நான் எண்ணிப் பார்த்தேன்.

காரியம் முடிந்த கையோடு பாலக்கரைக்குப் போனேன். பாய் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினார். தீப்பெட்டியைக் கொடுத்தேன். அவருக்குச் செய்தி எட்டியிருக்கவேண்டும். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. "அந்தத் தம்பி எங்கிட்ட வரேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. யாரு மனசக் கலைச்சதுன்னு தெரியல. அல்லாதான் மாப்பு குடுக்கணும்" என்றார். யாருக்கு மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. அந்த ஓட்டை வண்டிகளில் ஒன்றைத்தான் பிறகு பதினெட்டு வருஷம் ஓட்டினேன். ஒரு கீறல் பட்டதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்லிவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்களும் அங்கதான நின்னீங்க. நல்லவேளை, தள்ளி நின்னீங்க. பெருமாள்தான் ஒங்களைத் தள்ளி நிக்க வச்சிருக்காரு."

ஒவ்வொரு வருஷமும் அவன் திதியன்று, இலை போட்டுப் படைத்துவிட்டு, சூடம் ஏற்றப் போகும் முன், அவள் இதே வார்த்தைகளைச் சொல்கிறாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.